தவிட்டுக் குருவிகள் ஏன் ஓயாமல் கத்துகின்றன

குருவியும் பாம்பும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், தவிட்டுக் குருவியைப் போல அமைதியான பறவை கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நிஜம்.

ஒரு கிளுவை வேலியில் அக்கா தங்கைகளாக ஏழு பேர் குடியிருந்தார்கள். மூத்தவள் வெள்ளைக்கண்ணி. யார் எதைப் பார்த்தாலும் அவள் காதில் மட்டும்தான் ஓத வேண்டும், தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சத்தம் கேட்டால் வல்லூறு வந்துவிடும் என்று பயம். எங்கே கறையான், எங்கே தண்ணீர், எந்தப் பொந்தில் கீரி, எல்லாம் அவள் தலைக்குள்தான். மற்ற ஆறு பேருக்கும் ஒரு கவலை இல்லை. பாவம், அவளுக்குத்தான் உட்கார நேரமில்லை, கூட்டில் குஞ்சுகள் வேறு.

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் அவளால் முடியவில்லை. இறக்கையெல்லாம் வலி. பக்கத்து வேப்பங்கிளையில் போய்க் கண்ணை மூடினாள். ஒரு தங்கை வந்து, வேலியோரம் புல் அசைகிறது என்றாள். காற்றாக இருக்கும், அப்புறம் சொல் என்று அனுப்பினாள். இன்னொருத்தி வந்து, கத்திக்கொண்டிருந்த அணில் சட்டென்று வாயை மூடிக்கொண்டது என்றாள். அவளுக்கும் அதே பதில். மூன்றாமவள், புழுதியில் வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடுகிறதே என்றபோது வெள்ளைக்கண்ணி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“என்னைக் கொஞ்சம் தூங்க விடுங்கடி, புண்ணியமாப் போகும்.”

மூவரும் ஒரே கிளையில்தான் போய் உட்கார்ந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் தெரியும். ஆனாலும் வழக்கத்தை மீறி ஒருத்தியும் அடுத்தவளிடம் வாய் திறக்கவில்லை. அக்காவுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார்கள்.

அவள் விழித்தபோது கூடு காலி. வயிறு புடைத்த சாரைப் பாம்பு ஒன்று வேலியை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. புல், அணில், புழுதிக் கோடு என்று மூவரும் அழுதுகொண்டே அப்போதுதான் சேர்த்துச் சொன்னார்கள். அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

“இனிமே எங்கிட்ட வராதீங்கடி. கண்டதைக் கண்ட இடத்துலயே கத்துங்க. எல்லார் காதுலயும் விழட்டும். வல்லூறு வந்தா வரட்டும்.”

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கூச்சல். புல் அசைந்தாலும் கத்துகிறார்கள், அசையாவிட்டாலும் கத்துகிறார்கள். ஊரே கண்ணயரும் உச்சிவெயிலில்கூட அந்த வேலியில் யாரும் தூங்குவதில்லை. ஒருத்தி தூங்கினது போதும்.