சொல்லிக்கொள்ளாமல் வந்தவர்

“என்னை ஏன் மேடம் ஃபெயில் பண்ணினீங்க?”

கேட்டவர் லுசுங்கு. வடக்கு மலாவிக்காரர். பெண்டாட்டி பிள்ளைகளைத் தொலைவில் விட்டுவிட்டு, நாற்பது வயதில் சமூகப்பணி படிக்க வந்தவர். களப்பயிற்சியில் தேறினால்தான் வேலை. வயிறு எரியாதா?

ஆசிரியை ம்சிஸ்கா அவரைவிட வயதில் சின்னவர். அவரைப் பேசவிட்டார்.

“அம்மா செத்ததும் படிப்பை விட்ட பொண்ணு அந்தத் தவோங்கா. அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். வாராவாரம் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். வேற யாரு செஞ்சாங்க இவ்வளவு?”

“யாரும் செய்யல.”

“அப்புறம் என்ன?”

“மார்க் போடறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்குப் போனேன். உங்க பேரைச் சொன்னதும் அவ உள்ளே போயிட்டா. கடைசி நாள் என்ன சொல்லிட்டு வந்தீங்க?”



“என்னத்தைச் சொல்ல? சொன்னா அழுவா. நம்மளையே நம்பிக் கிடக்கிற மாதிரி யாரையும் பழக்காதீங்கன்னு நீங்கதானே தலைப்பாடா அடிச்சுக்கிட்டீங்க?”

ஆசிரியையின் முகம் வாடிவிட்டது.

“சொன்னேன். எப்படி விடைபெறணும்னு சொல்லித் தரல. வாங்க, போகலாம்.”

மினிபஸ்ஸில் லுசுங்குவுக்கு ஒரே கடுப்பு. மார்க் கேட்டால் ஊர் சுற்றிக் காட்டுகிறாரே இந்தம்மா!

வடக்கு மலாவிப் பக்கத்தில் விருந்தாளியைத் தனியே அனுப்பமாட்டார்கள். வீட்டில் ஒருவர் பாதி வழிவரை கூடவே நடந்துவந்து விட்டுப் போவார். அங்கேயே பிறந்த மனுஷருக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் கடைசி நாளன்று, தவோங்கா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து நழுவியிருந்தார்.

வாசலில் தவோங்கா மக்காச்சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட நேரம் அது.

“ஏம்மா, பள்ளிக்கூடம் போகலையா?” என்றார் லுசுங்கு.

உலக்கை நின்றது.

“நான் கணக்குல ஃபெயில் ஆயிட்டேன், மாமா. அந்தக் கோபத்துலதானே நீங்க வரல?”

“ஐயோ! அப்படின்னு யாரு சொன்னா?”

“யாருமே எதுவும் சொல்லலையே.”

லுசுங்கு ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார். அவரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

இனிமேல் வாராவாரம் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். பொய். படிப்பு முடிந்து அவர் திரும்பப்போகிற ஊர் எங்கே, இந்த வீடு எங்கே! பேச்சை விழுங்கிக்கொண்டு, உமி சிந்திய தரையிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தப்பு உன்மேல இல்ல தாயி, என்மேலதான். என் பயிற்சி அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. உன்கிட்ட சொல்லிக்காம ஓடிட்டேன். இப்போ சொல்லிக்க வந்திருக்கேன். இனிமே நான் வரமாட்டேன்.”

தவோங்கா அழுதாள். அழுது ஓயும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள்.

“அப்போ, நான் பாஸானா யார்கிட்ட போய்ச் சொல்றது?”