கண்ணை மூடித் திறந்த பக்கம்

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில், பனையேறி வேதமாணிக்கத்தின் வீட்டில், ஓர் அரிவாள் இருந்தது. இருபது வருஷம் பதநீருக்குப் பாளை சீவிச் சீவி அதற்கு அலுத்துப்போயிருந்தது. சுவராணியில் சும்மா தொங்கவிட்டால் போதும் என்றிருந்தது.

யார் விட்டார்கள்? வேதமாணிக்கத்தின் தம்பியை வரப்புத் தகராறில் அருமைநாயகம் அடித்துக் கொன்றுவிட்டான். ஜாமீனில் வெளியே வந்து, வேதக்கோயிலில் முன்பெஞ்சில் உட்கார்ந்து பாட்டும் பாடினான். அவனை வெட்டிப்போட வேண்டும் என்றிருந்தது வேதமாணிக்கத்துக்கு. இருக்காதா பின்னே?

ஆனாலும் பக்தியுள்ள மனுஷன். ஆண்டவர் உத்தரவில்லாமல் துரும்பைக்கூடக் கிள்ளமாட்டான். அந்தப் பக்கத்து வழக்கப்படி கண்ணை மூடி ஜெபித்து, வேதப்புத்தகத்தைத் திறந்து விரல் வைத்தான். விரல் விழுந்த இடம்தான் ஆண்டவரின் பதில்.

முதல் நாள், சத்துருவைச் சிநேகிக்கச் சொல்லும் இடம் வந்தது. "கை தவறிப்போச்சு" என்று மூடிவிட்டான். இரண்டாம் நாள் வெறும் வம்ச வரலாறு. மூன்றாம் நாள், ஒரு ராஜா ஓர் ஊரையே பட்டயத்துக்கு, அதுதான் வாளுக்கு, இரையாக்கிய இடம்.

"ஆண்டவரு சொல்லிட்டாரு!" என்று அரிவாளை எடுத்துத் தீட்டத் தொடங்கினான்.

அரிவாளுக்குப் பகீரென்றது. "புத்தகமே, நீயா இப்படிச் சொன்னாய்?"

"நான் முதல் நாளே சொல்லிவிட்டேன்," என்றது புத்தகம் சலிப்போடு. "வாசிக்க வருகிறவன் கண்ணைத் திறந்துகொண்டு வருவான். இவன் என்னிடம் கையெழுத்து வாங்க வந்தவன்."

வாசல்நிலைக்கு மேலே ஓலைச் சிலுவை ஒன்று செருகியிருந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு இதே அரிவாள் வெட்டிக் கொடுத்த குருத்து. "நீயாவது சொல்லேன்," என்றது அரிவாள். "ஆண்டவரைப் பிடிக்க வந்தவனை அவருக்காக ஒருத்தன் வெட்டியிருக்கிறானாமே?"

"வெட்டினான், ஒரு காதை. அதையும் அவர் அங்கேயே தொட்டுச் சரியாக்கிவிட்டார்."

"அப்படியானால் இவனைத் தடுக்க யாருமே இல்லையா?"

"நாங்களும் எத்தனை வீட்டில் எத்தனை காலமாகச் சொல்வது?" என்றது சிலுவை.

வேதமாணிக்கம் அரிவாளோடு வாசலுக்கு வந்தான். மனைவி அன்னபாக்கியம் எதிரே நின்றாள்.

"எங்க போறிய?"

"ஆண்டவரு சொன்ன காரியத்துக்கு."

"சரி, போங்க. கண்ண மூடிக்கிட்டே போங்க."

"என்னட்டி சொல்லுத?"

"வெரல நடத்துனவரு காலையும் நடத்துவாருல்லா? வெட்டும்போதும் தொறக்காதிய. அவன் மூஞ்சியப் பாக்காமலே வெட்டிட்டு வாங்க."

வீம்புக்காகக் கண்ணை மூடினான். ஓரடி வைத்தான், இன்னோரடி வைத்தான். மூடின கண்ணுக்குள் யார் முகம் வந்ததோ, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். "எய்யா, எந்தம்பி!" என்று பெருங்குரலெடுத்து அழுதான். தம்பி செத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அழவில்லை. அன்னபாக்கியமும் அழுதாள். அழுதபடியே அவன் கையிலிருந்து அரிவாளை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"நாளைக்கும் வருவானோ?" என்று கேட்டது அரிவாள்.

"வருவான்," என்றது புத்தகம். "என்னிடம் பக்கங்கள் நிறைய இருக்கின்றன."

அரிவாள் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஜெபம் பண்ணியது: "ஆண்டவரே, எனக்குத் துருப்பிடிக்கட்டும்."