காலின் அளவு

மலையடிவாரத்தில் வெயிலுகந்த சாமி என்று ஒருவர் இருந்தார். உட்கார்ந்து உபதேசம் செய்யும் வழக்கம் அவருக்குக் கிடையாது. விடிந்ததும் மலையைச் சுற்றி நடப்பார். கேள்வி உள்ளவர்கள் கூடவே நடப்பார்கள். பாதிப் பேருக்குச் சாமி வாய் திறக்கும் முன்பே கேள்வி தீர்ந்துவிடும்.

சீடர்களில் மூத்தவர் பிரமநாயகம். ஊரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். சாமியைவிட வயதில் பெரியவர். அதனால் சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். பிரமநாயகமோ தினமும் சாமியின் காலில் விழுந்து, கண்ணை இறுக மூடிக் கும்பிட்ட பிறகுதான் நடக்கத் தொடங்குவார்.

சாமிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது.

"இனிமேல் வெறுங்காலோடு நடக்காதீங்க. விரலை இறுக்காத ஷூவாப் பாத்துப் போடுங்க" என்றார் டாக்டர்.

பக்கத்தில் நின்ற பிரமநாயகம் அன்றைக்கே டவுனுக்கு பஸ் ஏறினார். கடையில் இருப்பதிலேயே உசத்தியான தோல் ஷூவை எடுக்கச் சொன்னார்.

"கால் அளவு என்ன, ஐயா?"

பிரமநாயகம் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"என் அளவே போதும். சாமிக்குப் போடுதது. உசத்தியா மட்டும் இருக்கட்டும்."

மறுநாள் காலையில் மண்டியிட்டு, தன் கையாலேயே சாமிக்கு மாட்டிவிட்டார். உள்ளே போகக் கொஞ்சம் மல்லுக்கட்டியது. புதுத் தோல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு சாமி?"

சாமி எழுந்து நின்றார். பிரமநாயகத்தின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

பிரமநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொஞ்ச நாளில் சாமியின் நடை தளர்ந்தது. கேட்டால் சிரிப்பார். ஒரு நாள் நடையை முடித்து ஷூவைக் கழற்றியபோது உள்ளே ஈரமாக இருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

"ஷூ கடிச்ச புண்ணு. அளவு சின்னது" என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னது வாசலில் நின்றிருந்த பிரமநாயகத்தின் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு அவர் மலைப்பக்கம் போகவில்லை. கடையைத் திறக்கவில்லை. மனைவி சோற்றைப் போட்டு வைத்தால் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். மலையைச் சுற்றும் பாதையில் இப்போது யாரும் நடப்பதில்லை என்று யாரோ சொன்னார்கள். எழுந்து உள்ளே போய்விட்டார்.

கடைசியில் சாமியிடமிருந்து ஆள் வந்தது.

"என்னால நடந்து வர முடியலை. அண்ணாச்சியை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க, அப்படின்னாரு."

மறுநாள் விடிந்ததும் பிரமநாயகம் போனார். சாமி கட்டிலில் ஒற்றைக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பழக்கத்தில் விழப் போனவர், பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார். எங்கே விழுவது என்று தெரியவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி."

தரையில் உட்கார்ந்தார்.

"இறுக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சாமி?"

"சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லலை?"

"போடும்போதே விரல் மடங்கித்தான் உள்ள போச்சு. உங்க முகத்தைப் பாத்தேன். அவ்வளவு சந்தோசம். சாமியார் போய் 'இது சின்னது, வேற கொண்டாங்க'ன்னு கேப்பானான்னு இருந்துட்டேன். அப்புறம் வலியே தெரியலை. வலிக்கலைன்னதும் சரியாயிட்டுன்னு நம்பிட்டேன்."

"நாந்தான் சாமி உங்க காலை எடுத்துட்டேன்."

சாமி இல்லை என்று சொல்லவில்லை.

"நாம ரெண்டு பேரும் சேந்து" என்றார்.

பிரமநாயகம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் சாமி மிச்சமிருந்த காலை மெல்லத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

"இத்தனை வருசமா இதுல விழுந்திய. ஒரு நாளாவது காலைப் பாத்தியளா அண்ணாச்சி?"

பிரமநாயகம் பார்த்தார். அகலமான பாதம். கட்டைவிரலுக்குக் கீழே எலும்பு புடைத்திருந்தது. சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கம் விலகி நின்றது. அவருடைய ஒடுங்கின காலுக்கும் இதற்கும் எந்த ஒட்டும் இல்லை. அவர் எதையும் அறிந்திருக்கவில்லை.

"இனி உங்களுக்கு ஒண்ணும் வாங்கித் தர மாட்டேன் சாமி. எனக்கு அந்தத் தகுதி இல்லை."

"இந்த ஒத்தைக் காலுக்கு இனி செருப்பு வேண்டாமா?"

பிரமநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அலமாரியில் கிடந்த ஒரு தாளை எடுத்து வந்து சாமியின் பாதத்துக்குக் கீழே விரித்தார். பாதத்தைச் சுற்றிக் கோடு போடப் பென்சிலை எடுத்தார்.

சாமி காலை எடுத்துக்கொண்டார்.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி. காலையில கால் ஒடுங்கி இருக்கும். பொழுது சாய வீங்கும், அப்ப அளவு எடுங்க. அதுவரைக்கும் கூட இருங்க."