தவசிப்பிள்ளை இருந்த பத்தியம்

வேங்கைக்குறிச்சி ராஜா பூபதிராயருக்கு வெளியே எதிரி என்று யாருமில்லை. இருந்த ஒரே எதிரி அவருடைய நாக்குதான். வத்தக்குழம்பு, மிளகாய் வறுவல், ஊறுகாய் என்று அது கேட்டதையெல்லாம் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் வயிறு போர்க்கொடி தூக்கிவிட்டது. சாப்பிட்டால் எரிச்சல், சாப்பிடாவிட்டால் வலி.

அரண்மனை வைத்தியர் மருதாசலம் நாடி பிடித்துப் பார்த்தார். "பித்தம் ஏறியிருக்கு, மகாராஜா. குன்மம், அதாவது வயித்துப்புண். இந்தச் சூரணத்தைத் தேன் அனுபானத்துல சாப்பிடணும்."

"அனுபானம்னா?"

"மருந்தை உள்ளே கொண்டுபோற துணை. தேன், நெய், பால் இப்படி."

"பேஷ்! துணையை நிறையக் கொடும், மருந்தைக் குறைச்சுக்கும்."

"கூடவே பத்தியம். புளி, காரம், வறுவல் கூடாது."

ராஜாவின் மீசை துடித்தது. "வெள்ளைக்கார வைத்தியத்துல இந்த இழவெல்லாம் கிடையாது. துரையைக் கூப்பிடுங்க!"

டாக்டர் பெர்க்கின்ஸ் துரை குதிரையில் வந்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, ஒரு பாட்டில் மிக்சரைக் கொடுத்துவிட்டு, இங்கிலீஷில் ஏதோ சொல்லிப் போனார்.

"என்னய்யா சொன்னார்?" என்று மந்திரி ஆவுடையப்பனைக் கேட்டார் ராஜா.

"அல்சராம், மகாராஜா. நம்ம வைத்தியர் சொன்ன அதே வயித்துப்புண். டோஸ்னா ஒரு வேளை மருந்தோட அளவு. டயட்னா..." ஆவுடையப்பன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "பத்தியம்."

பாட்டில் ஜன்னல் வழியே பறந்தது. துரையை ஒன்றும் செய்ய முடியாது. கோபமெல்லாம் வைத்தியர் தலையில் விடிந்தது.

"நான் பத்தியம் இருக்காம குணமாக நாளைக்குள்ள வழி சொல்லணும். இல்லேன்னா மருதாசலம் குடும்பத்தோட எல்லை தாண்டணும்!"

வைத்தியர் ஆவுடையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். "நிறைமாசப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு நான் எங்கய்யா போவேன்?"

ஆவுடையப்பனுக்கு மனசு கலங்கியது. ஆனால் மூளை கலங்கவில்லை. "ஏன் வைத்தியரே, பால்குடிப் பிள்ளைக்கு மாந்தம் வந்தா யார் பத்தியம் இருப்பாங்க?"

"பால் கொடுக்கிற தாய்தான். இதென்ன கேள்வி?"

"போய் நிம்மதியா சாப்பிடுங்க."

மறுநாள் சபையில் ஆவுடையப்பன் சொன்னார்: "பிள்ளைக்கு நோய்னா தாய் பத்தியம் இருக்கிறது நம்ம வழக்கம். மகாராஜாவுக்குச் சமைச்சுச் சோறு போடுறவர் தவசிப்பிள்ளை நெல்லையப்பன். பத்தியத்தை அவர் இருக்கட்டும். நீங்க சூரணத்தை மட்டும் சாப்பிடுங்க."

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அவன் வாயைக் கட்டினா என் வயிறு ஆறுமா? பிரமாதம்! ஒரு மண்டலம் முடியறதுக்குள்ள அவன் பத்தியத்தை மீறினா தலை போகும்!"

சமையற்கட்டில் நெல்லையப்பன் அழுத அழுகை வேறு கதை.

மதியம் இலை போட்டார்கள். வத்தக்குழம்பு மணம் மூக்கைத் துளைத்தது. ராஜா கையை நீட்டினார்.

"பொறுங்க, மகாராஜா," என்றார் ஆவுடையப்பன். "விஷம் பார்க்கலையே!"

தவசிப்பிள்ளை முதல் வாய் தின்று காட்டாத எதையும் அந்த அரண்மனையில் ராஜா தொடுவதில்லை. அது அவரே போட்ட சட்டம்.

"சாப்பிட்டுக் காட்டுடா!"

"புளியைத் தொட்டா என் தலை போகுமே, மகாராஜா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் நெல்லையப்பன்.

குழம்பு திரும்பிப் போனது. வறுவல் போனது. ஊறுகாயும் போனது. குழைந்த சோறும் பாசிப்பருப்பும் நெய்யும்தான் மிஞ்சின. ராஜா மந்திரியை முறைத்தார். இரண்டு உத்தரவும் தன்னுடையவை. பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்.

மண்டலம் முடிந்தது. வயிறு அடங்கியது. ராஜா வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆவுடையப்பா, என்னையே பால்குடிப் பிள்ளையாக்கிட்டியே!" என்று தன் கைக்காப்பைக் கழற்றி அவருக்குப் போட்டார். வைத்தியரின் புதுப் பேரனுக்கு வெள்ளித் தொட்டில் போனது. "நெல்லையப்பா, உனக்கு என்னடா வேணும்?"

"ஒரு கரண்டி வத்தக்குழம்பு போதும், மகாராஜா."

வைத்தியர் மெல்ல இருமினார். "இனிமேல் மறுபத்தியம் இருக்கு. மருந்து முடிஞ்சாலும் கொஞ்ச நாளைக்கு அதே சாப்பாடுதான்."

நெல்லையப்பன் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா! இந்தத் தடவை தாய் நீங்க, பிள்ளை நான்!"