கரிக்கோட்டுக்கு அடியில் ஒரு பெயர்

முதலில், மண்கிளறி என்ற காட்டுப்பன்றி ஏரிக்கரையின் கோரைக்கிழங்கையெல்லாம் தோண்டித் தின்றது. கோரை எல்லாருக்கும் பொது. யாரும் கேட்கவில்லை.

அடுத்து, கரையைக் குடைந்து தனக்கொரு சேற்றுக்குழி அமைத்துக்கொண்டது. அதன் வழியே தண்ணீர் கசிந்து ஏரி வற்றத் தொடங்கியது. தவளைகள் முணுமுணுத்தன. முணுமுணுத்ததோடு சரி.

மூன்றாவதாக, மணலில் புதைந்திருந்த ஆமை முட்டைகளைத் தின்றது. ஆமை அழுதது. அழுகைக்கு எந்த மன்றமும் தீர்ப்பு எழுதியதில்லை.

நான்காவதாக, ஆள்காட்டிப் பறவையின் முட்டைகளைத் தின்றது. ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. அதற்கு மரக்கிளையும் கிடையாது, பொந்தும் கிடையாது.

ஐந்தாவதாக, ஆமையும் ஆள்காட்டியும் காட்டு மன்றத்துக்குப் போய் முறையிட்டன. "முறையீடு சிங்க மொழியில், எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது" என்று மன்றம் அவற்றைத் திருப்பி அனுப்பியது. சிங்கம் அந்தக் காட்டைவிட்டுப் போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டன. அதன் மொழி மட்டும் மன்றத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இந்த ஐந்தாவதை அநியாயங்களோடு யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏரியின் மேற்கே ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. அங்கே சிங்க மொழி கற்றுக்கொடுத்தது அரிவாள் மூக்கன் என்ற பறவை. அதன் அலகு நீண்டு வளைந்து அரிவாள் போலவே இருக்கும். கண்டிப்பான வாத்தியார். நல்ல வாத்தியாரும்கூட.

அந்த வகுப்பில் முள்ளால் தேக்கிலையில் கீறி எழுதுவார்கள். கீறிய இடம் சற்று நேரத்தில் சிவந்துவிடும். எழுதி முடித்த இலை வரிசையில் எல்லார் கைக்கும் போகும். ஒவ்வொருவரும் வேண்டாத ஒரு சொல்லையாவது கரியால் அடித்து, பக்கத்தில் தன் கால்தடத்தை வைக்க வேண்டும். எதையும் அடிக்காமல் இலையைக் கைமாற்றினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். ஒருவர் அடித்ததை இன்னொருவர் அழிக்கக் கூடாது. அடித்தவரே அழித்தால்தான் உண்டு. இதுதான் வகுப்பு வழக்கம்.

ஒருநாள் அரிவாள் மூக்கன் சொன்னது: "உங்க கண்ணால பார்த்த ஒரு விஷயத்தை எழுதுங்க."

ஆள்காட்டியின் மகள் எழுந்து நின்றது. "சார், மன்றத்துக்கு முறையீடு எழுதட்டுமா? அம்மா மறுபடியும் முட்டை வெச்சிருக்காங்க. அதே கரையிலதான்."

"எழுது. நாளைக்கு மன்றம் கூடுது. நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்."

இளம் ஆள்காட்டி எழுதிக் காட்டியது. வாத்தியார் முதல் வரியைப் படித்தார். "வானமே கண்ணீர் வடித்த அந்த வேளையில்..."

"அன்னிக்கு மழையா?"

"இல்ல சார். நல்ல வெயில்."

"அப்ப வானம் எங்க அழுதுச்சு?"

வகுப்பு சிரித்தது. ஆள்காட்டி இலையை வாங்கிக்கொண்டு போய்ப் புது இலையில் எழுதியது. அடுத்ததில் அலைகள் விம்மின. அதுவும் திரும்பி வந்தது. அதற்கடுத்த இலையை வாத்தியார் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதில் இவ்வளவுதான் இருந்தது:

"மேற்குக் கரையில் மணல்திட்டின் அருகே என் அம்மா ஆசை ஆசையாக அடைகாத்த முட்டைகளை மண்கிளறி என்ற பன்றி ஈவிரக்கமில்லாமல் தின்றது. நான் பார்த்தேன். அம்மா மீண்டும் முட்டையிட்டிருக்கிறாள். அது மறுபடியும் வரும். தடுக்க வேண்டும்."

இலை வரிசையில் கிளம்பியது. அணில் "ஆசை ஆசையாக" என்பதை அடித்தது. "முட்டையை வெறுப்போடவா அடைகாப்பாங்க?" என்று கேட்டது.

தவளை "ஈவிரக்கமில்லாமல்" என்பதை அடித்தது. "இரக்கத்தோட தின்னாலும் முட்டை போனது போனதுதானே" என்றது.

இரண்டும் நல்ல திருத்தங்கள். வாத்தியாருக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியில் இலை முயலிடம் வந்தது. முயல் மேலும் கீழும் பார்த்தது. "எனக்கு அடிக்க ஒண்ணுமே மிச்சம் வைக்கலையேடா" என்று அணிலை முறைத்தது. பிறகு அதன் கண் ஒரு பெயரில் நின்றது. முயலின் வளை பன்றியின் சேற்றுக்குழிக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் அந்த வழியாகத்தான் அது வீட்டுக்குப் போக வேண்டும்.

"மண்கிளறி என்ற பன்றி" என்ற சொற்களின் மேல் முயல் கரியை இழுத்தது. தன் கால்தடத்தை வைத்தது.

"பேரை ஏன் அடிச்ச?" என்றது ஆள்காட்டி.

"யாருக்குத் தெரியாது அது? ஊருக்கே தெரிஞ்சதைத் திருப்பி எழுதுறது வீண் சுமைன்னு சார்தானே சொன்னாரு."

ஆள்காட்டி வாத்தியாரைப் பார்த்தது. வாத்தியார் சற்று யோசித்தார். அப்படிச் சொன்னது அவர்தான். விதிப்படி பார்த்தால் முயல் சொல்வது சரி. "சரி" என்று குறி போட்டார். கீழே "மிக நன்று" என்றும் எழுதினார். அந்த வருடத்தில் அவர் யாருக்கும் அப்படி எழுதியதில்லை. ஆள்காட்டிக்கு அதற்குமேல் வாய் எழவில்லை. பாராட்டு எத்தனையோ நல்ல வாய்களை இப்படி மூடியிருக்கிறது.

மறுநாள் காலை மன்றம் கூடியது. யானை தலைமை. எழுத்தர் மந்தி. அடித்த கோடுகளும் கால்தடங்களுமாக இலை அப்படியே தரப்பட்டது. கரியடித்ததைப் படிக்கக் கூடாது என்பது மன்றத்தின் விதி. மந்தி மீதியைப் படித்தது:

"மேற்குக் கரையில் மணல்திட்டின் அருகே என் அம்மா அடைகாத்த முட்டைகளைத் தின்றது. நான் பார்த்தேன். அம்மா மீண்டும் முட்டையிட்டிருக்கிறாள். அது மறுபடியும் வரும். தடுக்க வேண்டும்."

"தெளிவான நடை" என்றது யானை. "தின்றது எது?"

"இலையில் இல்லை, தலைவரே."

"இலையில் இல்லாததை மன்றம் ஊகிக்கக் கூடாது. வெள்ளமாக இருக்கலாம். விதியாகவும் இருக்கலாம். எதுவானாலும் கரைக்கு ஒரு காவல் தேவை. அந்தக் கரையை நன்றாக அறிந்தவர் யார்?"

"மண்கிளறி ஐயாதான்" என்றது மந்தி. "அங்கேயே படுத்து அங்கேயே எழுகிறார்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பன்றி பணிவாகத் தலை குனிந்தது. "மன்றம் இட்ட வேலையைச் செய்கிறேன். இன்றைக்கே பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன்."

யானை தீர்ப்பை உறுதி செய்ய இலையின்மேல் வைக்கக் காலைத் தூக்கியது. கால் பட்டுவிட்டால் தீர்ப்பு முடிந்தது.

"கால் வைக்காதீங்க தலைவரே" என்றது ஆள்காட்டி. "இலையில ஒரு திருத்தம் இருக்கு."

யானை தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தியது. மந்தி இலையைத் திருப்பிப் பார்த்தது.

"பெயர் இருந்த இடத்தில் முயலின் கால்தடம் இருக்கிறது. பள்ளி வழக்கப்படி அடித்தவரே அழிக்க வேண்டும். முறையிட்டவருக்கு அந்த உரிமை இல்லை."

அரிவாள் மூக்கன் முன்னால் வந்தது. "முயல் அடிச்சதுக்கு 'சரி' போட்டது நான், தலைவரே. சுருக்கமா இருந்தா நல்லா இருக்குன்னு நினைச்சுட்டேன். இருக்க வேண்டியது இருக்கான்னு பார்க்கல." தன் அலகால் அந்தக் குறியைச் சுரண்டி எடுத்தது. பிறகு திரும்பி, "ஆனா கோடு உன்னுதுடா முயலு. அதை நான் தொட முடியாது" என்றது.

எல்லாரும் முயலைப் பார்த்தார்கள். பன்றியும் பார்த்தது.

"என்ன தம்பி" என்றது பன்றி, அன்பாக. "வளையில எல்லாரும் சௌக்கியமா? மழைக்காலம் வருது. மண்ணு இளகிப் போயிருக்கும். பார்த்து இருங்க."

முயலின் காதுகள் படுத்துக்கொண்டன. அது ஆள்காட்டியிடம் மெதுவாகக் கேட்டது: "உங்கம்மா எங்க? வரலையா?"

"முட்டை மேல உட்கார்ந்திருக்காங்க. எழுந்து வந்தா முட்டை இருக்காதுன்னு தெரியும். அதான் வரல."

"இன்னிக்கு அவரு காவலுக்குப் போனா?"

"உட்கார்ந்தேதான் இருப்பாங்க. எழுந்திரிக்க மாட்டாங்க."

முயல் இலையருகே தத்திப் போனது. முன்னங்காலை நாக்கால் நனைத்தது. கரிக்கோட்டைத் தேய்த்தது. கரி அதன் வெள்ளைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில், முள் கீறிய இடத்தில், எழுத்துகள் சிவப்பாக இருந்தன. கரிக்கு மேற்புறத்தைத்தான் மறைக்கத் தெரிந்திருந்தது.

"அழிச்சுட்டேன்" என்றது முயல். "என் கால்தடத்தையும் எடுத்துட்டேன். இனி வளையை வேற பக்கம் தோண்டிக்கறேன்."

பன்றி எழுந்தது. "இது முறையல்ல. ஒரு பெரிய மனுஷனை நாலு பேர் முன்னால..."

"உட்காரும்" என்றது யானை. "பெயர் இலையில் இருந்தால் மன்றத்துக்குக் காது உண்டு. முறையீட்டில் உள்ள பெயரைச் சாட்சிகள் முன் முறையிட்டவரே படிக்க வேண்டும். படித்த கணத்திலிருந்து அந்தப் பெயருக்குரியவருக்கு ஏரிக்கரையில் இடமில்லை. இது சிங்கம் வருவதற்கு முன்பிருந்தே உள்ள விதி. சாட்சிகள் யார்?"

ஆமை ஊர்ந்து வந்து நின்றது. அணிலும் தவளையும் வந்தன. முயல், கரி ஒட்டிய காலோடு, அவற்றின் பக்கத்தில் போய் நின்றது. வாத்தியார் இலையைத் தூக்கி ஆள்காட்டியின் கண்மட்டத்தில் பிடித்துக்கொண்டார்.

எழுதுகிறவர்களே, திருத்துகிறவர்களே, அலங்காரத்தை வெட்டுங்கள், அழுகையை வெட்டுங்கள், ஆனால் செய்தவன் பெயரை ஒருநாளும் வெட்டாதீர்கள். பெயரில்லாத குற்றத்துக்குக் குற்றவாளியே காவலன் ஆகிவிடுவான்.

ஆள்காட்டி கழுத்தை நிமிர்த்தி, கரையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் கேட்கும்படி படித்தது:

"மண்கிளறி."