கோழிக்குக் கால் முளைத்தது

ஒரு விடுகதை போடுகிறேன், சொல்லுங்கள் பார்க்கலாம். தலை இல்லாமல் அரண்மனைக்குள் நுழைந்தது. கால் இல்லாமல் ராஜாவிடம் போய்ச் சேர்ந்தது. அது என்ன?

வறுத்த கோழிதான்! தலையை வெட்டியவர் சமையல்காரர். கால்கள் போன இடம், சோதனை அதிகாரி அடைக்கலநாதரின் வயிறு.

மஞ்சணத்தூர் அரண்மனையில் அப்படி ஒரு சட்டம். ராஜாவின் தாத்தாவுக்கு யாரோ விஷம் வைக்கப் பார்த்தார்களாம். அன்று முதல், சோதனை அதிகாரி ருசி பார்க்காத எதுவும் ராஜா வாயில் படக்கூடாது. அடைக்கலநாதர் கடமையில் குறை வைக்காதவர். இரண்டு தொடைகளையும் கடித்து இழுத்து, நெஞ்சுக்கறியையும் தீர்த்து, ஏப்பம் விட்ட பிறகுதான் "விஷம் இல்லை" என்பார். ராஜாவுக்கு ஆறிப்போன எலும்புக்கூடு வரும்.

ஒருநாள் ஐந்து வயது இளவரசி முத்தழகி, தோட்டத்திலிருந்து சபைக்குள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா! ஒரு கோழிக்குக் கால் முளைச்சிருக்கு!"

அவள் அதுவரை கண்டதெல்லாம் அப்பாவின் இலைக்கு வந்த காலில்லாத கோழிதான். சபை சிரித்தது. சபையில் வாயாடி என்று பெயர் எடுத்த குப்பாண்டி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டான். ராஜா வச்சிரவேலர் முகம் சிவந்தது.

"சிரிப்பாடா உனக்கு? நாளை மதியம் சுடச்சுட ஒரு முழுக்கோழி என் மகள் முன்னால் இருக்க வேண்டும். இரண்டு காலும் இருக்க வேண்டும். சட்டத்தையும் மீறக்கூடாது!"

"முடியாவிட்டால் இவனை என்னிடம் கொடுங்கள், மன்னா," என்றார் அடைக்கலநாதர். "இலை எடுக்க ஆள் இல்லை."

"அப்படியே ஆகட்டும்."

அந்த ஆளின் எச்சில் இலை! குப்பாண்டி வீட்டுக்குப் போய் மனைவி செங்கமலத்திடம் புலம்பினான்.

"கோழியை நான் பாத்துக்கிறேங்க. அந்த ஆளு வாயை நீங்க பாத்துக்குங்க," என்றாள் அவள்.

குப்பாண்டியின் முகம் மலர்ந்தது.

மறுநாள் காலை அடைக்கலநாதரைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்தான். "ஐயா, சமைக்கும்போதே விஷம் கலந்துவிட்டால்? பானைக்குள் போகிற ஒவ்வொன்றையும் நீங்களே சோதியுங்கள்."

அடைக்கலநாதர் மகிழ்ச்சியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "முதலில் கோழி!"

"அதோ, முற்றத்தில் ஓடுகிறதே! விஷம் தின்ற கோழி இப்படியா ஓடும்?"

கோழி தேறிவிட்டது. அதை உரித்துக் கழுவியதும், செங்கமலம் ஒரு பிடி கல்லுப்பை நீட்டினாள். அவர் விழுங்கினார். அடுத்து மிளகு, இஞ்சி, உரித்த பூண்டு. அதன் பிறகு அம்மியில் அரைத்த மிளகாய் விழுது, உருண்டையாக.

"போதும்!" என்று கதறினார்.

"சோதிக்காமலே ராஜாவுக்கு அனுப்பினார் என்று சொல்லிவிடட்டுமா?" என்றான் குப்பாண்டி.

அடைக்கலநாதர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். காது வழியாகப் புகை வராததுதான் குறை. தயிரும் நெய்யும் வந்தபோது அவருக்கு நாக்கே இல்லை.

செங்கமலம் கோழியைக் கீறி, விழுதையும் தயிரையும் உள்ளும் புறமும் தேய்த்து ஊறவைத்தாள். நெய் தடவிய பானையில் வைத்து, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவை அப்பினாள். கீழேயும் மேலேயும் தணல். ஆவி ஒரு பொட்டும் வெளியே போகவில்லை.

மதியம், பானையை அப்படியே அரண்மனைக்குக் கொண்டுபோய் ராஜா முன்னால் திறந்தார்கள். மணம் சபையையே தூக்கியது. பொன்னிறக் கோழி, இரண்டு காலோடு!

அடைக்கலநாதர் வீங்கிய நாக்கோடு எழுந்தார். "மன்னா, வழக்கப்படி நான் ஒரு கால்..."

"எதற்கு?" என்றான் குப்பாண்டி. "இத்தனை வருஷமாக இவர் சோதித்ததெல்லாம் இவர் வயிற்றுக்குள் போனது, மன்னா. தாங்கள் சாப்பிட்டது சோதிக்காத மிச்சம்! இன்றுதான் பானைக்குள் போன எல்லாவற்றையும் சோதித்தார். மூடிய பிறகு யாரும் தொடவில்லை. இன்னும் சந்தேகம் என்றால், ஐயா, அந்த விழுதில் ஓர் உருண்டை மீதி இருக்கிறது."

"சந்தேகமே இல்லை!" என்று அலறினார் அடைக்கலநாதர். "சாப்பிடுங்கள் மன்னா, சாப்பிடுங்கள்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டி கழுத்தில் போட்டார். பிறகு இரண்டு கால்களையும் பிய்த்து மகளின் இலையில் வைத்தார்.

"இதோ பார் கண்ணு, கோழிக்கால்! வலது வேணுமா, இடது வேணுமா?"

இளவரசி இரண்டையும் விட்டுவிட்டு, பானை விளிம்பில் ஒட்டியிருந்த சுட்ட மாவைப் பிய்த்துத் தின்றாள்.