சீமை ஷெட்டும் நம்மூர் இன்ஜினும்

ஈரோட்டில் பொம்மை ரயில் கண்காட்சி திறக்க அரை மணி நேரம்தான் பாக்கி. மேசைமேல் தண்டவாளம், ஸ்டேஷன், பனைமரம் எல்லாம் தயார். இன்ஜினை நிறுத்தி வைக்கும் ஷெட் எது என்பது மட்டும் முடிவாகவில்லை. சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கன் லண்டனிலிருந்து வரவழைத்த செங்கல் ஷெட்டைத் தூக்கி வைத்தார்.

கூட்டிப் பெருக்கும் பழனாத்தாள், தான் அட்டையில் செய்த ஷெட்டை நீட்டினாள். நாலு பக்கமும் திறப்பு, தூண்மேல் தகரக் கூரை. பத்து வருஷம் நிஜ ஷெட்டில் கரி அள்ளியவள் அவள்.

"நம்மூர் ஷெட்டு இப்படித்தானுங்க இருக்கும்."

"அப்படியா? என் ஷெட்டை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லாம, அது நம்மூருக்கு ஆகாதுன்னு காட்டு. உன்னுதையே வைக்கிறேன்" என்றார் தலைவர். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

பழனாத்தாள் செங்கல் ஷெட்டின் வாசலை ஒரு பார்வை பார்த்தாள். "குறை எதுக்குங்க? அழகான ஷெட்டு. உங்க கையாலயே நம்ம இன்ஜினை உள்ள விடுங்க, கண்குளிரப் பார்க்கறேன்."

தலைவர் பெருமையாக விசையைத் திருகினார். பாய்ந்து வந்த இன்ஜின் வாசலில் முட்டி நின்றது. சீமை ரயிலின் அளவுக்கு வைத்த வாசலில் அதைவிட அகலமான நம்மூர் இன்ஜின் எப்படி நுழையும்? இன்னும் திருகினார், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

சொன்ன சொல்படி தலைவர் ஷெட்டை மாற்றி வைத்தார். பழனாத்தாளின் ஷெட்டுக்குள் இன்ஜின் சர்ரென்று போய் நின்றபோது, ஜனங்கள் உள்ளே நுழைந்தார்கள்.

"அடடா, யார் செஞ்ச ஷெட்டு?" என்றார் ஒருவர்.

தலைவர் பழனாத்தாளைக் கைகாட்டினார். "இவங்கதான் செஞ்சாங்க."